ரோமப் பேரரசர் அகஸ்டஸ் சட்டத்தாலும் சிற்பத்தாலும் மக்களைத் திருத்தினாரா?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: “எல்லோரும் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளை பெற வேண்டும் என்று அகஸ்டஸ் சட்டம் போட்டாராம். அதே காலத்தில் குடும்பமும் குழந்தைகளுமாகப் பளிங்கில் செதுக்கி வைத்தாராம். இரண்டும் சேர்ந்து ரோமானியர்களைத் திருத்தியதா, இல்லை, எல்லாமே விளம்பரமா?” கேட்டவர் ஒரே கேள்வி என்று நினைத்திருப்பார். எனக்கு இதில் மூன்று தெரிகின்றன. சட்டம் பலித்ததா என்பது ஒன்று. சிற்பத்தைச் சட்டத்துக்காகத்தான் செதுக்கினார்களா என்பது இன்னொன்று. பார்த்தவர்கள் அதை நம்பினார்களா என்பது மூன்றாவது. முதலாவதற்குத் தெளிவாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பாதி சொல்லலாம். மூன்றாவதற்கு யார் அடித்துப் பேசினாலும் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பண்டைய வரலாறு நடத்தியவன் நான். பழைய நாணயங்களில் கொஞ்சம் பழக்கம் உண்டு. லத்தீனை அகராதி துணையோடுதான் படிப்பேன். அந்த அளவுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கி.மு. 18-ல் வந்த திருமணச் சட்டத்தை கி.பி. 9-ல் இன்னொரு சட்டத்தால் திருத்தினார்கள். பிற்கால ரோமச் சட்ட அறிஞர்கள் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துப் பேசியதால், எந்த விதி எந்த ஆண்டினது என்று பிரிப்பது சில இடங்களில் கடினம். சாரம் இதுதான்: ஆண் 25 முதல் 60 வயது வரையும், பெண் 20 முதல் 50 வரையும் மணவாழ்க்கையில் இருக்க வேண்டும். கணவனை இழந்தவளுக்கு மறுமணம் செய்ய முதலில் ஓராண்டு அவகாசம், திருத்தத்துக்குப் பிறகு இரண்டாண்டு. விவாகரத்தானவளுக்கு ஆறு மாதம், பிறகு பதினெட்டு மாதம். கீழ்ப்படியாதவனைச் சிறையில் போடவில்லை. நெருங்கிய உறவினர் அல்லாத யாராவது அவனுக்கு உயில் எழுதி வைத்தால் அதை அவன் வாங்க முடியாது, அவ்வளவுதான். மணமாகிப் பிள்ளை இல்லாதவர்களுக்குப் பாதி மட்டும்.

இதில் என்ன பெரிய தண்டனை என்று நமக்குத் தோன்றும். ரோமப் பணக்காரர்களின் உலகத்தில் அது பெரிய அடி. அங்கே நண்பனுக்கு உயிலில் ஒரு பங்கு எழுதிவைப்பது சாதாரண மரியாதை. எழுதாமல் விட்டால்தான் அவமானம். பிள்ளையில்லாத பணக்காரக் கிழவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் குழைந்துகொண்டு நிற்பார்கள். அந்த நாலு பேரும் பிரம்மச்சாரிகளாக இருந்தால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது என்று சட்டம் சொன்னது. கையில் காசில்லாதவனை உயில் சட்டம் என்ன செய்யும்? ஆகவே, அகஸ்டஸ் ‘ரோமானியர்களைத்’ திருத்தப் பார்த்தார் என்பதைவிட, செனட்டர்களையும் அவர்களுக்கு அடுத்த படியில் இருந்த குதிரைவீரர் வகுப்பையும் திருத்தப் பார்த்தார் என்பதே சரி. செனட்டர் குடும்பத்தார் விடுதலை பெற்ற அடிமைப் பெண்களையோ நடிகைகளையோ மணக்கக் கூடாது என்ற விதியும் இதிலேயே வருகிறது. மற்றக் குடிமக்கள் விடுதலை பெற்றவர்களை மணக்கலாம் என்று அதே சட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

தண்டனையோடு சலுகையும் இருந்தது. பிள்ளைகள் உள்ளவன் பதவிகளுக்குப் பிள்ளைக்கு ஓராண்டு வீதம் முன்னதாகவே போட்டியிடலாம். மூன்று பிள்ளை பெற்ற சுதந்திரப் பெண்ணுக்கு ஆண் பாதுகாவலன் தேவையில்லை. தன் சொத்தைத் தானே ஆளலாம். அடிமையாக இருந்து விடுதலையானவளுக்கு அந்தக் கணக்கு நான்கு பிள்ளை. இதையெல்லாம்விட ஆழமாகப் போனது கள்ள உறவு பற்றிய சட்டம். அதுவரை வீட்டுக்குள் பேசித் தீர்த்த விஷயத்தை அது நீதிமன்றக் குற்றமாக்கியது. மனைவியின் தவறு தெரிந்தும் விவாகரத்து செய்யாமல் வைத்திருக்கும் கணவன்மீது, மனைவியை வைத்துத் தரகு பார்க்கிறான் என்றே வழக்குத் தொடரலாம். விவாகரத்துக்குப் பின் அறுபது நாள் வரை வழக்குப் போடக் கணவனுக்கும் பெண்ணின் தந்தைக்கும் முன்னுரிமை. அதற்குப் பிறகு வெளியாள் யார் வேண்டுமானாலும் போடலாம். குற்றம் உறுதியானால் பெண் சீதனத்தில் பாதியையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கையும் இழந்து தீவுக்குப் போக வேண்டும்.

பலித்ததா? பிள்ளைப்பேறு பெருகவில்லை, இதை ஒரு நூற்றாண்டு கழித்து ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். பெருகியது வேவு பார்ப்பவர்களின் தொழில் என்பது அவருடைய புகார். சட்டத்தை மீறுபவரைக் காட்டிக்கொடுத்தால் பறிமுதலில் பங்கு கிடைத்ததால், வீடு வீடாக மோப்பம் பிடிக்கும் கூட்டம் ஒன்று உருவானது. அந்தப் பங்கைப் பிற்காலப் பேரரசர் நீரோ கால்வாசியாகக் குறைக்க வேண்டி வந்தது. தப்பிக்கும் வழிகளையும் மக்கள் கண்டுபிடித்தார்கள். பால்மணம் மாறாத சிறுமியோடு நிச்சயதார்த்தம் செய்துகொண்டு ‘நானும் கணக்கில் உண்டு’ என்று சலுகை கேட்டார்கள். அகஸ்டஸ் நிச்சயதார்த்த காலத்துக்கு இரண்டாண்டு வரம்பு வைத்தார். கி.பி. 9-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பாப்பியஸ், பொப்பேயஸ் என்ற இரண்டு கான்சல்களின் (ரோமின் உயர் பதவியாளர்கள்) பெயரைத் தாங்கியிருக்கிறது. இரண்டு பேரும் கல்யாணம் ஆகாதவர்கள்! பிற்கால வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் இதைப் பதிவுசெய்துவிட்டு, சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்தே தெரிகிறது என்கிறார்.

குடிக்கணக்கை எடுத்துக்காட்டி ‘சட்டம் பலித்தது’ என்று வாதிடுபவர்கள் உண்டு. அகஸ்டஸ் தன் சாதனைப் பட்டியலில் கி.மு. 28-ல் 40,63,000 குடிமக்கள், கி.மு. 8-ல் 42,33,000, கி.பி. 14-ல் 49,37,000 என்று தருகிறார். ஏறுமுகம்தான். ஆனால், இந்த எண்ணில் பெண்களும் குழந்தைகளும் உண்டா என்பதே இன்றுவரை தீராத வழக்கு. விடுதலை பெற்ற அடிமைகளும் குடியுரிமை கிடைத்த வெளியூர்க்காரர்களும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். இதை வைத்துத் தொட்டில் கணக்குப் போட முடியாது.

இனி சிற்பம். கேள்வியில் ‘பளிங்கில் செதுக்கி வைத்தார்’ என்றிருப்பது ஆரா பாசிஸ் எனப்படும் அமைதிப் பலிபீடத்தைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதைக் கட்டச் சொன்னவர் அகஸ்டஸ் அல்ல, செனட். ஸ்பெயின், ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ்) பகுதிகளிலிருந்து அவர் திரும்பியதற்காக கி.மு. 13 ஜூலை 4-ல் தீர்மானம் போட்டார்கள், கி.மு. 9 ஜனவரி 30-ல், அவர் மனைவி லிவியாவின் பிறந்தநாளில், அர்ப்பணித்தார்கள். செனட் சுயமாக யோசித்துச் செய்தது என்று நான் நம்பவில்லை. ஆனாலும், ‘ஆட்சியாளர் கலையைப் பயன்படுத்தினார்’ என்று சொல்லும்போது, இப்படிப் பிறர் கையால் வரும் மரியாதையை ஏற்றுக்கொள்வதுதான் அவர் பாணி என்பது நினைவிருக்கட்டும். நகரத்தில் தனக்கு வைத்திருந்த சுமார் எண்பது வெள்ளிச் சிலைகளை அவரே எடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் அப்பல்லோ கோயிலுக்குப் பொன் காணிக்கை வைத்ததாகப் பெருமையோடு எழுதியிருக்கிறார். சிலை வைப்பதும் அரசியல், எடுப்பதும் அரசியல்.

பீடத்தைச் சுற்றியுள்ள மதில் ஏறத்தாழ 11.6 மீட்டருக்கு 10.6 மீட்டர். நினைத்துக்கொண்டு போவதைவிடச் சிறியது. முதல் முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. கீழ்ப்பாதி முழுக்கக் கொடியும் இலையும். மேலே இரண்டு நீளப் பக்கங்களிலும் ஊர்வலம். தெற்குப் பக்கத்தில் அகஸ்டஸின் தளபதியும் மருமகனுமான அக்ரிப்பா தலையில் முக்காடிட்டு நிற்க, அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் பின்னால் திரும்பிப் பார்க்கிறான். சற்றுத் தள்ளி, படைவீரர் மேலாடையில் லிவியாவின் மகன் டுரூசஸ், எதிரில் அவர் மனைவி அன்டோனியா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வயதுக் குழந்தை ஒன்று. அந்தத் தம்பதியின் பின்னால் இருக்கும் பெண் உதட்டில் விரலை வைத்திருக்கிறாள்; சடங்கு நடக்கும் இடத்தில் பேச்சு என்ன என்று அதட்டுவது போல. பெரியவர்களின் துணி மடிப்புகளுக்கு நடுவில், அலுத்துப்போன முகத்தோடு குழந்தைகள். கல்யாண வீட்டில் மணிக்கணக்காக நிற்கவைக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் பழக்கமானதுதான். இதற்கு முன் நமக்குக் கிடைத்துள்ள ரோம அரசுச் சின்னங்களில் இப்படி அடையாளம் தெரியும் பெண்களும் குழந்தைகளும் கிடையாது. இன்று வெள்ளையாக இருப்பதை வைத்துக் கற்பனை செய்யாதீர்கள். அன்று முழுக்க வண்ணம் பூசியிருந்தார்கள்.

யார் யார் என்பதில் கவனம் தேவை. அக்ரிப்பா பெரும்பாலோர் ஒப்புக்கொண்டது. டுரூசஸ், அன்டோனியா தம்பதி, அவர்கள் மகன் ஜெர்மானிகஸ் என்பதும் வலுவான அடையாளம். அக்ரிப்பாவின் அங்கியைப் பிடித்த சிறுவன் அகஸ்டஸின் பேரன் காயஸ் என்று ஒரு கட்சி. கழுத்து வளையத்தையும் உடையையும் பார்த்தால் ரோமில் வளர்ந்த அயல்நாட்டு இளவரசன் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. மடியில் இரண்டு குழந்தைகளோடு, காலடியில் மாடும் ஆடும் இருக்க அமர்ந்திருக்கும் பெண் தெய்வம் பூமியா, இத்தாலியா, வீனஸா, அமைதித் தெய்வமேதானா என்பது அடுத்த சண்டை. வளமும் பிள்ளைப்பேறும் ஒன்றாகக் காட்டப்படுகின்றன என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

சரி, இது திருமணச் சட்டத்துக்கான சிற்பமா? கல்லில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை. ஆனால், பாட்டில் இருக்கிறது. கி.மு. 17-ல், சட்டம் வந்த மறு ஆண்டு, அகஸ்டஸ் ஒரு புதுயுக விழா நடத்தினார். அதற்குப் பாட்டெழுதியவர் ஹொரேஸ். தாய் தந்தை இருவரும் உயிரோடு இருக்கும் 27 சிறுவர்களும் 27 சிறுமிகளும் பாடினார்கள். பிள்ளைப்பேற்றின் தெய்வத்தை அழைத்து, பெண்களின் திருமணம் குறித்துச் செனட் செய்த தீர்மானங்களும் பிள்ளை வளம் தரும் திருமணச் சட்டமும் செழிக்கட்டும் என்று அதில் ஒரு செய்யுளே உண்டு. அரசாணையைப் பாட்டில் நுழைத்தால் எப்படியிருக்கும்? அந்த நான்கு வரி அப்படித்தான் இருக்கிறது. (ஹொரேஸ் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.) மணமாகாதவர்கள் பொது விழாக்களைப் பார்க்கத் தடை இருந்ததும், இந்த விழாவுக்கு மட்டும் அதைத் தளர்த்தியதும் 1890-ல் கிடைத்த விழாக் கல்வெட்டில் தெரிகிறது. எனவே, கலையையும் சட்டத்தையும் இணைத்துப் பேசியது உறுதி. அந்தப் பீடத்தில் உள்ள குழந்தைகளுக்கும் அதே நோக்கம்தான் என்பது நியாயமான ஊகம், அதற்கு மேல் இல்லை.

என் கணிப்பைச் சொல்கிறேன். அந்த ஊர்வலம் ‘நீங்களும் பிள்ளை பெறுங்கள்’ என்பதைவிட ‘எங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்றே அதிகம் சொல்கிறது. அகஸ்டஸுக்கு ஒரே மகள், ஜூலியா. லிவியாவோடு அவருக்குப் பிள்ளை தங்கவில்லை. லிவியாவை அவர் மணந்ததே, முதல் கணவரின் குழந்தையை அவள் வயிற்றில் சுமந்திருந்தபோது. வாரிசு இல்லாத தலைவன் போனால் மறுபடி உள்நாட்டுப் போர்தான் என்று அஞ்சிய ஊர் அது. அங்கே வரிசையாகக் குழந்தைகளைக் காட்டுவது ஆறுதல். பீடம் திறந்த அதே கி.மு. 9-ல் லிவியாவின் இளைய மகன் டுரூசஸ் இறந்தபோது, ஆறுதலாக அவளுக்குச் சிலைகளும், மூன்று பிள்ளை பெற்றவர்களுக்குரிய உரிமையும் வழங்கினார்கள். அவளுக்குப் பிறந்து வளர்ந்தவை இரண்டே. பிற்காலத்தில் இந்த உரிமை பிள்ளையே இல்லாதவர்களுக்கு அரசர் தரும் பரிசாகிவிட்டது. எழுத்தாளர் இளைய பிளினி பேரரசர் டிராஜனிடம் அப்படித்தான் வாங்கினார்.

இதற்கு நேர் சாட்சியாக நான் எப்போதும் வகுப்பில் சொல்லும் காட்சி கி.பி. 9-ல் நடந்தது. விளையாட்டு அரங்கில் குதிரைவீரர் வகுப்பினர் சட்டத்தை நீக்கச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். டியோ சொல்வதைப் பார்த்தால், அகஸ்டஸ் அவர்களை வரவழைத்து மணமானவர், ஆகாதவர் என்று இரண்டாகப் பிரித்து நிற்கவைத்திருக்கிறார். ஆகாதவர் கூட்டம்தான் பெரிது. அரசர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய சூட்டோனியஸ் சொல்வது இன்னும் சுவை. ஜெர்மானிகஸின் குழந்தைகளை வரவழைத்து, சிலரைத் தன் மடியிலும் சிலரை அவர்கள் அப்பா மடியிலும் உட்காரவைத்துக் காட்டி, இந்த இளைஞனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சைகையாலும் முகத்தாலும் உணர்த்தினாராம். பீடத்தில் அன்டோனியாவின் கையைப் பிடித்து நின்ற அந்த இரண்டு வயதுக் குழந்தைதான் இந்த ஜெர்மானிகஸ். இருபது ஆண்டு கழித்து, கல்லில் காட்டியதை உயிரோடு கொண்டுவந்து காட்டினார் கிழவர்.

அந்தக் குழந்தைகளின் பாட்டி யார் தெரியுமா? ஜூலியா. ஜெர்மானிகஸின் மனைவி அக்ரிப்பினா அவள் மகள். அரங்கில் அகஸ்டஸ் அவர்களை மடியில் வைத்துக் காட்டியபோது, ஜூலியா நாடு கடத்தப்பட்டுப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. கி.மு. 2 பிப்ரவரியில் அகஸ்டஸுக்கு ‘தேசத்தின் தந்தை’ என்ற பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு அவருடைய புதிய மன்றம் திறக்கப்பட்டது: நடுவில் பழிதீர்க்கும் மார்ஸ் தெய்வத்தின் கோயில், ஒரு பக்கம் தகப்பனைத் தோளில் சுமக்கும் புராண வீரன் ஏனியாஸும் அகஸ்டஸின் ஜூலியஸ் குலத்து முன்னோரும், மறு பக்கம் ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸும் ரோமின் பெரிய மனிதர்களும், ஒவ்வொரு சிலைக்குக் கீழும் செய்த காரியங்களின் பட்டியல். அந்த ஆண்டு முடிவதற்குள், கள்ள உறவுக் குற்றச்சாட்டில் சொந்த மகளைப் பண்டடேரியா தீவுக்கு அனுப்பினார். குடிக்க மதுகூடக் கொடுக்கக் கூடாது என்று கட்டளை. சட்டத்தின் அளவுகோலில் பார்த்தால் அவளைவிட நல்ல குடிமகள் கிடையாது. அக்ரிப்பாவுக்கு ஐந்து பிள்ளை பெற்றவள். உண்மைக் காரணம் ஒழுக்கமா, சதியா என்பதில் அறிஞர்கள் பிரிந்து நிற்கிறார்கள். அவளோடு சேர்த்துச் சொல்லப்பட்டவர்களில் அகஸ்டஸின் பழைய எதிரி மார்க் ஆன்டனியின் மகனும் இருந்து, உயிரையும் இழந்ததால், சதி என்பவர்களின் வாதத்தை நான் ஒதுக்கமாட்டேன்.

இனி அந்த மூன்றாவது கேள்வி, பார்த்தவர்கள் நம்பினார்களா என்பது. சந்தைக்குப் போகும் வழியில் அந்தச் சிற்பத்தைக் கடந்தவன் என்ன நினைத்தான் என்று எழுதிவைத்த ஒருவரும் இல்லை. நமக்குப் பேசுபவர்கள் எல்லாம் படித்த, வசதியான ஆண்கள். அவர்களில் கவிஞர் ஓவிட் காதல் கலை சொல்லித்தரும் பாட்டில், பெண்களைச் சந்திக்க ஏற்ற இடங்கள் என்று புதிய பளிங்குத் தூண் மண்டபங்களையே பரிந்துரைத்தார். லிவியாவின் மண்டபமும் அந்தப் பட்டியலில் உண்டு. கி.பி. 8-ல் அவரைக் கருங்கடல் கரைக்கு விரட்டியதற்குப் பாட்டு ஒரு காரணம் என்று அவரே சொல்கிறார். கட்டியவர் நினைத்தபடிதான் ஊர் அதைப் பயன்படுத்தும் என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது ஒன்று போதும். நம்பியவர்கள் வேறு காலத்தில் கிடைத்தார்கள். 1927-ல் முசோலினி பிரம்மச்சாரிகளுக்கு வரி போட்டார். 1938-ல் அகஸ்டஸின் 2000-ம் பிறந்த ஆண்டுக் கொண்டாட்டத்துக்காக, நீர் ஊறிய மண்ணை உறையவைத்துத் தோண்டி எடுத்து, அந்தப் பீடத்தை மறுபடி கட்டித் திறந்தார். அகஸ்டஸை இவ்வளவு சரியாகப் படித்த மாணவர் வேறு யாரும் இல்லை.

கடைசியாக ஒன்று. பேரரசின் கலையில் அதிகத் தூரம் போனது பளிங்கு அல்ல, நாணயம். அகஸ்டஸ் தத்தெடுத்த பேரன்கள் காயஸ், லூசியஸ் இருவரும் கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் தினாரியஸ் வெள்ளிக் காசு லியோன் நகரில் அச்சானது. கோவை, கரூர் வட்டாரங்களில் கிடைத்த ரோமானியக் காசுப் புதையல்களில் அகஸ்டஸ் காலத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் இந்த வகைதான். லூசியஸ் கி.பி. 2-ல் மார்செய்யில் இறந்தான், கல்யாணம் ஆகவில்லை. காயஸ் கி.பி. 4-ல் இன்றைய துருக்கியில் உள்ள லிசியாவில் இறந்தான். கல்யாணம் ஆகியும் பிள்ளையில்லை. மிளகுக்கும் மணிகளுக்கும் கைமாறிய அந்தக் காசுகளில், அவர்கள் இறந்து பல ஆண்டுகள் கழித்தும், பையன்கள் இருவரும் அப்படியே நிற்கிறார்கள். சென்னையில் இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் ரோமானியக் காசுகளைத் தேடிப் பாருங்கள். இந்த வகை கண்ணில் பட்டால் கேடயங்களுக்கு மேலே உற்றுக் கவனியுங்கள்: பூசை அகப்பை ஒன்றும், குறி பார்ப்பவரின் வளைந்த கோல் ஒன்றும் இருக்கும். ஆளுக்கொரு பூசாரிப் பதவியின் அடையாளம் அது.